கேட்டால் சொல்லிவிடுவார்

அவரிடம் கேள்வி கேட்க எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். கோபக்காரர் என்பதால் அல்ல. கேட்டால் சொல்லிவிடுவார், அதனால்தான்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் சரோஜாக்கா தன் பேரனுக்குப் பெயர் வைத்த அன்று வீட்டு வாசலில் பந்தல் போட்டு எல்லோருக்கும் பாயசம் கொடுத்தார். சரோஜாக்கா ஒரு கான்வென்டில் ஆயாவாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாலு தெருவுக்கு அவர் குரல் கேட்கும்.

"இன்னா ரைட்டரே, பாயசம் எப்டி கீது?"

ரைட்டர் தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்தார். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் அப்படிச் சாய்ப்பார், சட்டைப் பையில் எதையோ தேடுகிறவர் போல.

"அடிபுடிச்சிருக்குக்கா."

பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு ஊத்துங்க" என்றார்.

"நல்லா இல்லன்னுட்டு இன்னொண்ணு எதுக்குக் கேக்கறே?"

"அடிபுடிச்சிருக்குன்னுதான் சொன்னேன். நல்லா இல்லன்னு சொல்லலையே."

சரோஜாக்கா சிரித்துவிட்டார். மருமகன் குமாரும் சிரித்தான். குமார் ஆட்டோ ஓட்டுகிறவன், முன்கோபி. ஆனால் அன்று குழந்தையை இரண்டு கைகளிலும் ஏந்தி அவர் முன்னால் கொண்டுவந்து நீட்டினான். "ரைட்டரே, நீங்களே பேர் சொல்லுங்க. உங்க ஆளு பேருதான்." அவர் குழந்தையின் காதருகே குனிந்து மூன்று முறை சொன்னார். ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலை.

அவர் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் நாயகன் பெயர் அது.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் பெயருக்குக் கீழே அவர் எழுதாத ஒன்றை ஒருமுறை அச்சடித்தவன் நான். இனி அந்தப் பெயரைத் தொட எனக்கு உரிமை இல்லை.

ஒரு தொழிற்சாலையில் நேரக் காப்பாளராக இருந்தார். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று அட்டையில் பதியும் வேலை. ஒரு நாள் பஸ் பழுதாகி அவரே நான்கு நிமிடம் தாமதமாக வந்தார். கூண்டுக்குள் போய் உட்கார்ந்ததும் தன் அட்டையை எடுத்து, தன் பெயருக்கு எதிரே தாமதம் என்று பதிந்தார். தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். நீயே உனக்குப் போட்டுக்கொண்டால் எங்களுக்கு எப்படி விட்டுக்கொடுப்பாய் என்பது அவர்கள் கவலை. அவர் தலையைச் சாய்த்து, "கடிகாரம் என்னோடது இல்லையே" என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடைசியில், "அந்த ஆளு பக்கத்துல ரொம்ப நேரம் நிக்கப் பயமா இருக்குது சார்" என்றார்.

எனக்கும் அந்தப் பயம் உண்டு. எப்போது தொடங்கியது என்றுகூடச் சொல்ல முடியும்.

காவிரித் தண்ணீருக்காக நகரம் கொதித்துக் கிடந்த தொண்ணூற்றொன்று டிசம்பர். நானும் அவரும் விவேக் நகரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். பஸ் இல்லை. கடைகள் பாதிக் கதவோடு இருந்தன. திருப்பத்தில் ஐந்தாறு இளைஞர்கள் வழிமறித்தார்கள். "நீவு தமிளா?" என்று ஒருவன் கேட்டான்.

நான் முந்திக்கொண்டேன். "அல்லப்பா, நாவு கோலார் கடெயோரு" என்றேன். கோலார்ப் பக்கத்து ஆட்கள், தமிழர் இல்லை என்று. என் கன்னடத்தில் குறை சொல்ல முடியாது. அவருடைய கன்னடம் என்னுடையதைவிட நல்ல கன்னடம். கோலார் தங்கவயலில் பிறந்தவர், கன்னடப் பள்ளியில் படித்தவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் நடந்து போயிருப்போம். அவன் அவர் பக்கம் திரும்பி, அதையே கேட்டான். அவர் தலையைச் சாய்த்தார்.

"ஹௌது" என்றார். ஆமாம்.

புருவத்தில் மூன்று தையல். டீக்கடை வைத்திருந்த ஒரு கன்னடத்து அம்மா கரண்டியோடு ஓடிவந்து அந்தப் பையன்களைத் திட்டி விரட்டி, அவரை உள்ளே இழுத்து ஷட்டரைப் போட்டார். நான் அதற்குள் எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்களே சார்."

நான் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதன் பிறகும் பேசவில்லை. அவரை நான் யாரும் கேட்காமலே வெறுக்கத் தொடங்கியது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. வெளியில் நாங்கள் நண்பர்கள்தான்.

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. மாலை வேளைகளில் எங்கள் தமிழ் மன்றத்தின் மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர். முந்நூறு பிரதி போகும். ஆனால் அந்த முந்நூறை வைத்து எங்கள் வாசகர்களைக் கணக்கிட முடியாது. பெங்களூர்த் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. கன்னடத்திலோ இங்கிலீஷிலோ படித்தவர்கள், இல்லையென்றால் சரோஜாக்காவைப் போலப் படிக்காதவர்கள். அதனால் பத்திரிகை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் டவுனில் ஒரு மாவு மில்லின் பின்கூடத்தில் கூடுவோம். அன்று மில்லுக்கு விடுமுறை. கோதுமை வாசனையில், மூட்டைகள் மேலே உட்கார்ந்துகொண்டு நாற்பது ஐம்பது பேர் கேட்பார்கள். நான் தொடர்கதையை உரக்கப் படிப்பேன். எனக்கு நல்ல குரல். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அவர் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. ஞாயிறு அவருக்கு வேலை நாள். வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். அச்சில் வந்த தன் கதையை அவர் ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. "பார்த்தா திருத்தணும்னு தோணும் சார். நான் ஒரு தடவதான் சொல்லுவேன்" என்பார்.

எழுதியது எதில் என்றால், தொழிற்சாலையில் கழித்துப் போட்ட வருகை அட்டைகளின் பின்பக்கத்தில். நீளமான, குறுகலான அட்டைகள். ஒரு வரிக்கு நாலைந்து சொற்கள்தான் கொள்ளும். வரிசை எண் போட்டு, நடுவில் நூலால் கட்டிக் கொண்டுவந்து தருவார். நான்கு ஆண்டுகளில் அந்த அட்டைகளில் ஓர் அடித்தலைக்கூட நான் கண்டதில்லை.

ஏழுமலை தங்கவயல் சுரங்கத்தில் மணியடிப்பவன். சுரங்கக் கூண்டு இறங்கவும் ஏறவும் மேலே நின்று மணி கொடுக்கிறவன். கீழே விபத்து என்றால் முதலில் தெரிவது அவனுக்குத்தான். செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவான். அப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சோறு போடுவான். அவனுக்கு ஒரு சிநேகிதன், தாஸ். தாஸ் வேலை தேடிப் பெங்களூர் போய்விடுகிறான். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் ஏழுமலை இரண்டு பன் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் வந்து நிற்பான். ரயில் வரும், போகும். ஒரு பன்னைத் தின்றுவிட்டு இன்னொன்றை நாய்க்குப் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவான்.

எங்கள் ஜனங்கள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஓர் அத்தியாயத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த மாதம் சரோஜாக்கா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார், போதாதென்று விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றினார். "எந்தச் சாமி காதுல உழுதோ" என்றார். அவனுக்குப் பெண் பார்த்து எனக்குச் சீட்டு அனுப்பியவர்கள் உண்டு. விளையாட்டாகத்தான் அனுப்பினார்கள், முழுக்க விளையாட்டும் இல்லை. ஏழுமலைதான் ரைட்டர், ரைட்டர்தான் ஏழுமலை என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை.

கதையில் தாஸுக்கு ரோஸி என்று ஒரு தங்கை உண்டு. ஏழுமலை காத்திருப்பது ரோஸிக்காகத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அவர்கள் அப்படி நம்பியதற்குக் காரணம் நான்.

அட்டையில் அவர் எழுதியிருந்தது, 'தாஸுக்காக நின்றான்' என்று. நான் சிவப்புப் பேனாவை எடுத்து, 'தாஸ் வீட்டாருக்காக நின்றான்' என்று ஆக்கினேன். தாஸ் விட்டுப்போன சட்டையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு ஏழுமலை தூங்கினான் என்று ஒரு வரி. எடுத்துவிட்டேன். தாஸின் கழுத்தில் இருந்த மச்சத்தைப் பற்றி ஒரு பத்தி. அதையும் எடுத்தேன். முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் அல்லவா? மாதத்துக்கு மூன்று வரி, நாலு வரி. நான்கு ஆண்டுகள். அவரைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் காப்பாற்றியது என் பத்திரிகையையும் அந்த மில்லில் என் குரலுக்கு இருந்த மரியாதையையும்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை வாசகர் கூட்டம் நடக்கும். ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிறு பிற்பகல். அன்று மட்டும் அவர் லீவு போட்டுவிட்டு வருவார். வாசகர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி எழுதுவார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் படிப்பேன். அவர் பதில் சொல்வார்.

அந்த ஆண்டு கூட்டம் தொடங்கும் முன் அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், கல்யாணக் கேள்விய மட்டும் எடுக்காதீங்க. புரிஞ்சவங்க சும்மா இருக்காங்க. புரியாதவங்க கேக்கறாங்க. கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும்."

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

கூட்டத்தில் நூற்றைம்பது பேர். பத்துச் சீட்டு படித்திருப்பேன். பின்வரிசையிலிருந்து கூச்சல். "கல்யாணம் எப்போ சார்? அத்தக் கேளுங்க மொதல்ல!" விசில் அடித்தார்கள். டப்பாவுக்குள் கை விட்டபோது அதே கேள்வி இருபது சீட்டுகளில் இருந்தது. அன்று எனக்கும் கொஞ்சம் கைதட்டல் வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய காரணம் இருந்திருக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

"எங்கள் ஏழுமலைக்கும் ரோஸிக்கும் கல்யாணம் எப்போது?" என்று மைக்கில் படித்தேன். ஹால் அதிர்ந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"ஏழுமலை ரோஸிக்காக நிக்கலீங்க. தாஸுக்காகத்தான் நிக்கறான்."

யாரோ சிரித்தார்கள். "அதான் ரைட்டரே, ஃப்ரெண்டு. கல்யாணம் யார்கூட?"

"ஃப்ரெண்டு இல்லீங்க. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இருக்கும் இல்ல, அது. அவனுக்குப் பொம்பளைங்க மேல அப்படி வரல. தாஸ் மேலதான் வந்துது."

முன்வரிசையில் ஒரு பெரியவர், சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர், கையை ஊன்றி எழுந்தார். "எங்க சுரங்க லைன் வீடுங்கள்ல அந்த மாதிரி ஆளே கெடையாது. கலீஜா பேசாத."

"இருந்தாங்க தாத்தா. நீங்களும் பாத்திருப்பீங்க."

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். சரோஜாக்கா எழுந்தார். மடியில் பேரன். "தம்பி, சும்மா வெளயாடாத. நாலு வருஷமா கேட்டுகினு கீறோம், ஒரு நாளாச்சும் இப்டி வந்துதா?"

"எல்லா மாசமும் எழுதியிருக்கேன்க்கா. சாரைக் கேளுங்க. அவர்தானே படிக்கறாரு."

நூற்றைம்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. "சார், அப்டி எழுதியிருக்குதா?" என்று சரோஜாக்கா கேட்டார்.

"அப்படி ஒரு வரியும் பத்திரிகையில் வந்ததில்லை" என்றேன்.

சொல்லளவில் அது உண்மை. நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவருக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. முகம் மாறவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே புருவத்துத் தழும்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

குமார் நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. "அவன் கெடக்கறான், கதை. நீ எப்டி? நீயும் அந்த மாதிரியா?"

மைக் என் கையில் இருந்தது. கூட்டம் முடிந்தது, எல்லோரும் டீ சாப்பிடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. நான் டப்பாவில் இருந்த சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் தலையைச் சாய்த்தார். இந்த முறை அதிக நேரம் ஆயிற்று.

"ஆமாம்" என்றார்.

அன்று யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. குமார் குழந்தையை மாமியார் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனான். மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கி வைத்தார்கள். யாரும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கவில்லை.

அதற்குப் பின் வந்த நாட்களில் சத்தமாக எதுவும் நடக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் வழக்கமாக நாஷ்டா சாப்பிடும் கடையில் மற்றவர்களுக்குத் தட்டு, அவருக்கு மட்டும் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அவர் தெருவில் நடந்தால் வாசலில் விளையாடும் குழந்தைகளைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடும் குரல்கள் வரிசையாகக் கேட்கும். பழைய இதழ்கள் தபாலில் திரும்பி வரத் தொடங்கின. பிரித்துப் பார்த்தால் அவர் பெயர் இருந்த இடத்தில் தார். பெயரை மட்டும் தடவியிருந்தார்கள், கதையை விட்டுவைத்திருந்தார்கள். குமார் தன் மகனுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டான். சரோஜாக்கா மறந்துபோய்ப் பழைய பெயரில் கூப்பிட்டதற்கு வீட்டில் பாத்திரங்கள் பறந்தன என்று கேள்விப்பட்டேன்.

அவர் அடுத்த மாதமும் அட்டைகளோடு வந்தார். அதே நூல், அதே முடிச்சு. வாசலிலேயே நின்றார்.

"இது கடைசி அத்தியாயம் சார். இதுல எதையும் எடுக்க வேணாம். எடுக்கறதா இருந்தா போடாதீங்க."

"சரி" என்றேன்.

மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். பத்திரிகை நிற்கக் கூடாது, ரைட்டர் மன்னிப்புக் கேட்கவும் மாட்டார், என்ன செய்வது? "கதையிலயே சரிபண்ணிடுங்க சார். உங்களுக்கு அவர் நடை தெரியாததா?" என்றார் செயலாளர். எனக்குத் தெரியும். இரண்டு இரவுகளில் எழுதிவிட்டேன். ஏழுமலைக்கும் ரோஸிக்கும் கோயிலில் கல்யாணம். தாஸ் மாப்பிள்ளைத் தோழன். சிறிய வாக்கியங்கள், அவருடையதைப் போலவே. ரோஸி தலைகுனிந்து சிரிக்கும் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. கீழே அவர் பெயரைப் போட்டேன்.

மில்லில் அதைப் படித்து முடித்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து சரோஜாக்கா அழுதார். "புள்ள திருந்திட்டான் சார். வாயால சொல்ல வெக்கப்பட்டுகினு எழுத்துல சொல்லிட்டான்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஏழுமலைக்குக் கல்யாணம் என்றால் ரைட்டருக்கும் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றுதான் அர்த்தம். எங்கள் ஜனங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. அடுத்த வாரமே சரோஜாக்கா ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். குமாரின் அத்தை மகள். கார்மென்ட் வேலைக்குப் போகிறவள், முப்பத்திரண்டு வயது. குமாரும் ஒப்புக்கொண்டான். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டதாக அவனுக்கு நினைப்பு.

"பெரியவங்க நீங்கதான் முன்னால நிக்கணும் சார்" என்று சரோஜாக்கா என்னை வந்து அழைத்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். போனேன்.

அவர் விவேக் நகரில் ஒரு மாடி அறையில் இருந்தார். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, பெண்ணின் போட்டோ. படிக்கட்டில் எட்டுப் பேர். கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தார், பிறகு எங்களை. கையை மடித்துவிட்ட சட்டை போட்டிருந்தார். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏழுமலைக்கு நீயே கல்யாணம் பண்ணிவெச்சே. உனக்கு நாங்க பண்ணிவெக்கறோம்" என்று சரோஜாக்கா சிரித்தார். "இன்னா சொல்றே, சம்மதந்தானே?"

அவர் தலையைச் சாய்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அந்த அத்தியாயத்த நான் எழுதலக்கா. ஏழுமலை கல்யாணம் பண்ணிக்கல. நானும் பண்ணிக்க முடியாது. அந்தப் பொண்ணுக்கு அது பாவம்."

அப்படியென்றால் யார் எழுதியது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். நான் அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் கண் ஒரு கணம் என் மேல் நின்றது. யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவர் சொல்லமாட்டார்.

"தட்டு எடுத்துகினு வந்தவங்கள வாசல்ல நிக்கவெச்சு அசிங்கப்படுத்தறியா?" என்றான் குமார். தட்டு எப்படிக் கவிழ்ந்தது என்று தெரியவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்று படிக்கட்டில் உருண்டு வந்தது. பெண்கள் குமாரைப் பிடித்து இழுத்தார்கள். அவனோடு வந்திருந்த ஆட்டோக்கார நண்பர்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள், அவர் அறைக்குள்ளே எட்டிப் பார்த்தபடி. எனக்கு அந்தப் பார்வை புரிந்தது. எல்லோருக்கும் முன்னால் படியிறங்கிப் போனவன் நான்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். வீட்டுக்காரர் படிக்கட்டைப் பினாயில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். "ஆளக் காணோம் சார். சாமான் எல்லாம் அப்டியே கீது. செருப்பு கூட இங்கதான் கீது" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் கண்ணாடி இல்லை. "மோரில, அந்தச் சாக்கடைல கெடந்துச்சு. கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமா சார்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

அது இல்லாமல் அவரால் எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்க முடியாது. எனக்குத் தெரியும்.

"ஊருக்குப் போயிருப்பார். கொஞ்ச நாள் பாருங்க" என்றேன்.

கொஞ்ச நாள் பார்த்தார்கள். அறை வேறொருவருக்குப் போயிற்று. தொழிற்சாலையில் அவர் அட்டையில் ஆப்சென்ட் என்று வேறு யாரோ பதிந்தார்கள். தங்கவயலில் இருந்த அவருடைய அக்கா பத்திரிகை முகவரிக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தார். தம்பி பொங்கலுக்கு வரவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா ஐயா என்று. நான் பதில் எழுதவில்லை. அடுத்த பொங்கலுக்கும் ஒரு கார்டு வந்தது. பிறகு வரவில்லை.

ஏழெட்டு ஆண்டுகள் போயின. பத்திரிகை நின்றுவிட்டது, நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு நாள் காலை சரோஜாக்கா வந்து வாசல் கேட் அருகே நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. உள்ளே வந்து சோபாவில் உட்கார மறுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"சார், ரைட்டர் கடைசியா எழுதினது உங்ககிட்ட இருக்கும்னு செயலாளர் சொன்னாரு. மெய்தானா?"

"இருக்கிறது."

"படிங்க."

பீரோவிலிருந்து அட்டைக்கட்டை எடுத்து வந்தேன். நூலை அவிழ்த்தது அன்றுதான். படிக்கத் தொடங்கினேன். கடைசி அத்தியாயத்தில் ரயில் வருகிறது. தாஸ் இறங்குகிறான், நரைத்த தலையோடு. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்கிறார்கள். படித்துக்கொண்டே போனேன்.

"சார்" என்றார் சரோஜாக்கா. "வெரல் நவுருது. வாய் நவுரலையே."

எனக்கே தெரியாமல் ஒரு வரியை விட்டிருந்தேன். எழுத்துத் தெரியாத அந்த அம்மா என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பிப் போய் அந்த வரியைப் படித்தேன். 'தாஸின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.'

"இவ்ளோதானா?" என்றார் சரோஜாக்கா. "இதுக்கா?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அன்னிக்கு நாம எறங்கி வந்தப்புறம் குமாரும் அந்த ரெண்டு பேரும் திரும்பிப் போனாங்க சார். வூட்டுக்கு வந்து கொழாயில சட்டைய அலசினான். தண்ணி செவப்பா போச்சு. பாத்துகினு நின்னேன். பொண்ணு வாழ்க்கைன்னு வாய மூடிகினேன். இப்போ அவ போய்ச் சேந்துட்டா. எனக்கும் ஆஸ்பத்திரியில நாளு குறிச்சுட்டாங்க. நீங்க எழுதுங்க சார். பாத்தத எல்லாம் சொல்றேன். ரேகை வெக்கறேன். நீங்க கூட வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடலாம். படிச்சவங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவர் சொல்வதை எழுதினால், கல்யாண அத்தியாயத்தை யார் எழுதியது என்ற கேள்வி வரும். தட்டோடு முன்னால் நின்றது யார், படியிறங்கியது யார், கொஞ்ச நாள் பாருங்கள் என்று சொன்னது யார் என்பதெல்லாம் வரும். என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு வாங்க, எழுதித் தரேன்" என்றேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். தலையை வாரி, வெளுத்த புடவை கட்டியிருந்தார். நான் வெளியூர் போயிருப்பதாக என் மனைவி சொன்னாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். "பரவால்லம்மா, இருந்து பாக்கறேன்" என்று கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. என் மனைவி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார். இரண்டு மணி வரை இருந்தார். நான் மாடி ஜன்னலில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை.